ஆள் எப்படி? குணத்தைக் கணிப்பதும் மாற்றுவதும்

பெண் கேட்டு வந்த வீட்டைப் பற்றி விசாரிக்கப் போனாலும் சரி, திருவிழாக் கமிட்டிக்குப் பொருளாளர் தேடினாலும் சரி, இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "ஆள் எப்படிங்க?" பதிலும் ஒரே வரியில் வந்துவிடும். "தங்கமான பையங்க, வம்பு தும்புக்குப் போகமாட்டான்." இல்லாவிட்டால், "அவனா? சரிப்பட்டு வரமாட்டான்."

கேட்பதில் தப்பில்லை. பதிலுக்கு அடியில்தான் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. நல்ல குணம் என்பது ஆளுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிறது, அவர் கோயிலுக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் கூடவே போகிறது என்று நாம் நம்புகிறோம். ஏறத்தாழ நூறு வருடமாக உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அனுமானம் பாதிதான் சரி. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தப்பு என்று தெரிந்தால் ஆட்களைக் கணிப்பதும் சுலபம், நம்மை நாமே திருத்திக்கொள்வதும் சுலபம்.

சுபாவம், பழக்கம், குணம்

பேச்சில் இந்த மூன்றையும் "குணம்" என்றே சொல்லிவிடுகிறோம். கணிப்பு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

சுபாவம் பிறவியோடு வருவது. ஒரே வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று புது ஆளைக் கண்டால் சிரித்துக்கொண்டு கிட்டே போகும், மற்றது அம்மாவின் சேலைக்குள் ஒளியும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. உளவியலில் இதை ஐந்து அளவுகோல்களில் அளக்கிறார்கள்: புதியதை நாடும் ஆர்வம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணங்கிப் போவது, பதற்றம். ஒவ்வொன்றிலும் ஒருவர் எங்கோ ஓரிடத்தில் நிற்பார், பெரும்பாலானோர் நடுவில்தான். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இவற்றில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் பரம்பரையோடு தொடர்புடையது. இந்த எண்ணைத் தப்பாக விளங்கிக்கொள்பவர்களே அதிகம். "என் கோபத்தில் பாதி அப்பாவோடது" என்று இதற்கு அர்த்தமில்லை. பெரிய கூட்டம் ஒன்றில் ஆட்களுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. ஒரு தனி ஆளைக் கூறுபோட்டுச் சொல்வதில்லை.

பழக்கம் என்பது யோசிக்காமலே கை செய்வது. குணம் என்பது, ஒரு வகையான நிலைமை வரும்போதெல்லாம் ஒருவர் திரும்பத் திரும்ப எப்படி நடக்கிறார் என்பது, அதுவும் வேறு மாதிரி நடக்க வழி இருக்கும்போது. முன்கோபம் சுபாவம். கோபம் வந்ததும் கை ஓங்குவது பழக்கம். கோபம் தலைக்கேறினாலும் வீட்டில் யார் மேலும் கை வைக்காமல் வாசலுக்கு இறங்கிப் போய்விடுவது குணம். அதனால்தான் கூச்ச சுபாவக்காரரைக் கோழை என்று சொல்ல முடியாது. சங்கக் கூட்டத்தில் குரல் நடுங்க நடுங்க எழுந்து நின்று கணக்குக் கேட்கும் ஒருவருக்குக் கூச்சமும் உண்டு, துணிவும் உண்டு.

தேயிலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரே தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி வளர்த்த வீ.பீ. கன்றுகளில் பாதியைக் காற்றடிக்கும் மேட்டிலும் பாதியை ஓடைப் பக்கத்திலும் நட்டால் கொழுந்து ஒன்றுபோல வராது. கவ்வாத்து வெட்டாமல், கொழுந்தும் எடுக்காமல் விட்டால், இடுப்பளவு நிற்கும் அதே செடி பெரிய மரமாகிவிடும். செடியின் ரகம் சுபாவம், மண்ணும் காற்றும் நிலைமை, முறை தவறாமல் மட்டக்கம்பு (உயரம் பார்க்கும் குச்சி) வைத்துக் கிள்ளுவது பழக்கம். நம் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரே மட்டமான பச்சை, மூன்றும் சேர்ந்து செய்த வேலை. மேட்டுச் செடியைப் பார்த்து "ரகமே மோசம்" என்று எந்தப் பெரியவரும் சொல்லமாட்டார். மனிதர்களை மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம்.

ஒரே ஆள், வேறு வேறு இடம்

1920களின் கடைசியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர்கள் அறியாமலே நேர்மைச் சோதனை வைத்தார்கள். பரீட்சையில் பார்த்து எழுத வாய்ப்பு, சில்லறைக் காசை எடுத்துக்கொள்ள வாய்ப்பு, விளையாட்டில் பொய்ப் புள்ளி சொல்ல வாய்ப்பு. நேர்மையான பிள்ளை எல்லாவற்றிலும் நேர்மையாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அப்படி வரவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை காசைத் தொடவில்லை. காசை எடுத்த பிள்ளை விளையாட்டில் உண்மையைச் சொன்னது. ஒரு சோதனையை வைத்து இன்னொன்றை ஊகிப்பது ஏறக்குறைய குருட்டாம்போக்குத்தான். ஆனால் அதே மாதிரிச் சோதனையை அதே பிள்ளைக்குக் கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வைத்தபோது பெரும்பாலும் முன்பு நடந்தது போலவே நடந்தது. முக்கியமானது இதுதான்: குணம் நிலைக்கிறது, ஆனால் நிலைமையோடு ஒட்டித்தான் நிலைக்கிறது.

1973இல் டார்லியும் பேட்சனும் பிரின்ஸ்டனில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்துச் செய்தது இன்னும் சுருக்கென்று தைக்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சின்னப் பேச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும். சிலருக்குக் கிடைத்த தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற வழியில் ஒருவர் சுவரோரம் சுருண்டு கிடந்து முனகுகிறார். நேரம் நிறைய இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். "சுணங்கிவிட்டது, ஓடு" என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். எந்தத் தலைப்பு கிடைத்தது என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. அவசரம் வித்தியாசம் செய்தது.

மூன்றாவது ஆய்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலைநாட்டில் அதற்கு ஒரு நேரடி உருவம் உண்டு. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் சாதாரண ஆண்கள் 40 பேரை ஒருவர் ஒருவராக அழைத்தார். பக்கத்து அறையில் இருப்பவர் பதிலைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, 15, 15ஆகக் கூட்டி, 30 சுவிட்சுகளில் 450 வோல்ட் வரை. உண்மையில் மின்சாரம் பாயவில்லை; இவர்களுக்கு அது தெரியாது. மனிதாபிமானம் எல்லாம் பேசத் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். வியர்த்து, கை நடுங்கி, "அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பக்கத்தில் நின்றவர் "தயவுசெய்து தொடருங்கள்", "நீங்கள் தொடரத்தான் வேண்டும்" என்று வாயால் சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இனி மடுவத்துக்கு, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, வாருங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம். புதிதாக வேலைக்கு வந்த பையன் கொப்பியும் கையுமாகத் தராசுப் பக்கம் நிற்கிறான். நல்ல பையன், வீட்டில் தங்கச்சிக்குப் படிப்புச் செலவு அவன்தான் பார்க்கிறான். மழை நாளில் ஈரத்துக்காக ஒரு கிலோ கழிக்கச் சொல்கிறார்கள். நியாயம்தானே என்று கழிக்கிறான். பிறகு சாக்குக்கு அரைக் கிலோ. பிறகு வெயில் நாளிலும் அதே ஒரு கிலோ, "பழகிப்போச்சு, மாத்தாத." முதல் நாளே "நாலு கிலோ கழி" என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பான். படிப்படியாக வந்ததால் எந்தப் படியில் மறுப்பது என்று தெரியவில்லை. நேற்றுச் செய்தது சரி என்றால் இன்றைக்கு மட்டும் எப்படித் தப்பாகும்? கூடை இறக்கிய அக்காவின் முகத்தைப் பார்க்காமல் எழுதப் பழகிக்கொள்கிறான். கூடுகிற படி சின்னதாக இருப்பது, மேலே ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்வது, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் இருக்க முடிவது: மில்கிராமின் அறையிலும் மடுவத்திலும் வேலை செய்வது இந்த மூன்றும்தான்.

அதே ஆய்வின் மறுபக்கத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை. கட்டளையிடுபவர் அறையில் இல்லாமல் தொலைபேசியில் பேசியபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். கூட இருந்த இரண்டு பேர் "எங்களால் முடியாது" என்று எழுந்துவிட்ட ஏற்பாட்டில் 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். மடுவத்தில் இதன் பயன் நேரடியானது. நிறுவைக்குக் கொழுந்து எடுப்பவர்களில் இரண்டு பேர் முறைவைத்துத் தராசுப் பக்கம் நின்று, எண்ணைச் சத்தமாக வாசிக்கச் சொல்லித் தங்கள் துண்டிலும் எழுதிக்கொண்டால் போதும். பையனின் மனசை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. அவனுக்கு "ஆள் பாத்துக்கிட்டு இருக்காங்க சேர்" என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒரு கூட்டத்தையே தப்பாகக் கணிப்பது

அடுத்தவர் செய்ததற்குக் காரணம் தேடும்போது அவருடைய குணத்தைச் சொல்கிறோம். நாமே செய்ததற்கு நிலைமையைச் சொல்கிறோம். பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) நான் பிந்தி வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல். அவன் பிந்தி வந்தால் சோம்பேறி. அடுத்தவர் விஷயத்தில் நிலைமையை மறந்து குணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் இந்தச் சாய்வுக்கு 1977இல் லீ ரொஸ் "அடிப்படைக் காரணப் பிழை" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்.

ஒரு ஆள் விஷயத்தில் இது சின்னத் தப்பு. ஒரு சமூகத்தின் விஷயத்தில் பெரிய அநியாயம். "தோட்டத்து ஆட்கள் சேமிக்க மாட்டாங்க, கையில காசு நின்னா செலவழிச்சிருவாங்க" என்று தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களே சொல்வதும் உண்டு. இதை இரண்டு ஆய்வுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் செய்தது, 2013இல் வெளிவந்தது. கரும்புக்குக் காசு வருவது வருடத்துக்கு ஒரு தடவை. அதனால் அறுவடைக்கு முன் கடனும் அடகுமாக இருப்பார்கள், அறுவடைக்குப் பின் கை நிறைந்திருக்கும். அதே விவசாயிக்கு அதே வகைப் புத்திக் கணக்குகளை இரண்டு காலத்திலும் கொடுத்தார்கள். பத்துக் கேள்வியில், அறுவடைக்கு முன் சராசரியாக ஒரு கேள்வி குறைவாகச் சரி செய்தார்கள். ஆள் அதே ஆள்தான். கடன் கவலை தலையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, அமெரிக்காவில் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து நடந்தது, அதே வருடம் வெளிவந்தது. இப்போது ஒரு இனிப்பு, பொறுத்திருந்தால் இரண்டு என்பது சோதனை. அதற்கு முன்பு ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு நல்ல வர்ணப் பென்சில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிக் கொண்டுவராமல் விட்டார்கள். மற்றப் பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடம்தான் பொறுத்தன. மற்றவை 12 நிமிடம்.

சொன்னது நடக்காத இடத்தில் பொறுமையாக இருப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரிகிறது. 1948இல் குடியுரிமையை இழந்து, 2003 வரை அந்தப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்ளக் காத்திருந்த, லயத்து வரிசை வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) வாழும் சமூகத்திடம், "ஏன் தூர நோக்கு இல்லை" என்று கேட்பவர்கள் இந்த 3 நிமிடத்தை நினைத்துக்கொள்ளலாம். அதே ஆட்கள்தான் மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறார்கள், மரணச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். சொன்ன நாளில் காசு கைக்கு வரும் என்று தெரிந்த இடத்தில் சேமிக்கிறார்கள்.

அப்படியானால் யார் மேலும் குற்றம் இல்லையா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நிலைமைதான் ஆளை நடத்துகிறது என்றால் குடித்துவிட்டு அடித்தவனையும் விட்டுவிட வேண்டியதுதானா?

விளக்கம் வேறு, மன்னிப்பு வேறு. மில்கிராமின் 40 பேரில் 14 பேர் நடுவில் நிறுத்தினார்கள். நிறுத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. நிலைமை பலமானது என்று தெரிந்துகொண்டால் பொறுப்பு குறைவதில்லை, கொஞ்சம் முன்னுக்கு நகர்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வெறியில் என்ன செய்தான் என்பதோடு, மாலை ஐந்து மணிக்கு, புத்தி தெளிவாக இருந்தபோது, அந்தக் கூட்டத்தோடு போய் உட்கார முடிவெடுத்தது யார் என்றும் கேட்க வேண்டும். பழைய கிரேக்கத்தில் மிட்டிலீனி நகரை ஆண்ட பிட்டகஸ், குடிவெறியில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்று சட்டம் போட்டிருந்தார். "வெறியில செஞ்சிட்டேன்" என்பதைச் சமாதானமாக ஏற்றுக்கொள்ளும் நம் பஞ்சாயத்துகளுக்கு இது கடுமையாகத் தெரியலாம். அதன் தர்க்கம் சரியானது.

ஆளைக் கணிப்பது எப்படி

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்ற அதிகாரம் முழுக்க ஆள் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. அதில் 501ஆம் குறள் ஒருவரை நான்கு வகையில் சோதிக்கச் சொல்கிறது: அறம், பொருள், இன்பம், உயிர் பயம். நான்கும் தனித்தனிச் சோதனைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாகக் கணக்கில்லை. 509ஆம் குறள் இன்னும் நுணுக்கமானது. ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்த பிறகும் அவரிடம் நம்பத்தக்க விஷயங்களில் நம்பு என்கிறது. ஆளை மொத்தமாக நம்பச் சொல்லவில்லை.

திருவிழாப் பொருளாளரையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நன்றாகத் தேவாரம் பாடுகிறவரை, இல்லாவிட்டால் மேடையில் நன்றாகப் பேசுகிறவரைப் போடுகிறோம். ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுவதை 1920இலேயே தோர்ன்டைக் இராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டுபிடித்துவிட்டார்: உடல் வாகில் நல்ல புள்ளி வாங்கிய சிப்பாய்க்குப் புத்தியிலும் தலைமைத் திறனிலும் அதே அதிகாரி நல்ல புள்ளி போட்டிருந்தார். தேவாரம் பாடுவது குரல் சம்பந்தப்பட்டது. காசு விஷயம் தெரிய வேண்டுமானால் காசு புழங்கிய இடத்தில் கேட்க வேண்டும். கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரரிடம் போய், "கடன் வாங்குவாரா?" என்று கேட்க வேண்டாம், எல்லாரும் வாங்குவார்கள். "கொடுக்க முடியாத மாசத்துல வந்து சொல்லுவாரா, இல்ல வேற பாதையில போவாரா?" என்று கேளுங்கள். அவர் முன்பு பிடித்த சீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள், முக்கியமாகக் கடைசியாகச் சீட்டு எடுத்தவரிடம்.

ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், நல்லதானாலும் கெட்டதானாலும். 1979இல் செய்மூர் எப்ஸ்டீன் காட்டியது இது: ஒரு நாள் நடத்தையை வைத்து மறுநாளை ஊகிக்க முடிவதில்லை, பல நாள் நடத்தையின் சராசரி அடுத்த பல நாளை நன்றாகவே காட்டுகிறது. அதனால் முதலில் சின்னத் தொகை, மூன்று நாலு தடவை. பந்தல் செலவுக்குக் கொஞ்சம், பூவுக்குக் கொஞ்சம். துண்டு வருகிறதா, மிச்சம் கேட்காமல் வருகிறதா என்று பாருங்கள். பெரிய பணம் கொடுக்கும்போது வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, வாரத்துக்கு ஒரு தடவை கணக்கு வாசிப்பு. இரண்டு கையெழுத்துக் கேட்டால் "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கோபிப்பவர்கள் உண்டு. சந்தேகத்துக்காக அல்ல என்று விளக்குங்கள். பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்த இரவில் கோயில் பணம் தனியாக ஒருவர் கையில் இருக்கக்கூடாது. அந்த இரவு நல்லவருக்கும் வரும்.

மாலை கழற்றிய மறுநாள்

சரி, மாற முடியுமா? முடியும் என்பதற்கு ஒவ்வொரு கார்த்திகையிலும் லயத்துக்கு லயம் சாட்சி உண்டு. வருடம் முழுக்கக் குடிப்பவர் ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், 48 நாள், தொடவே மாட்டார். விடியற்காலைக் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளிப்பார். தையில் மாலை கழற்றுவார். பலர் மறுநாளே பழையபடி. "எல்லாம் வேஷம்" என்று ஊர் சிரிக்கும்.

வேஷம் இல்லை. அந்த 48 நாளில் அவரைச் சுற்றி என்னென்ன மாறியது என்று எண்ணிப் பாருங்கள். உடுப்பு மாறியது, கறுப்பு வேட்டியோடு பாருக்குள் நுழைய முடியாது. பெயர் மாறியது, பெண்டாட்டியும் "சாமி" என்கிறாள். மாலை ஆறு மணிக்குப் பூஜையும் பஜனையும் வந்து உட்கார்ந்தன. முன்பு அது குடிக்கும் நேரம். கூட்டாளிகள் ஊற்றிக்கொடுப்பதை நிறுத்தினார்கள், சிலர் கண்டதும் விலகிப் போனார்கள். கூடவே விரதம் இருக்கும் இன்னொரு குழு கிடைத்தது. மாலையைக் கழற்றிய அன்று இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் போய்விட்டன. பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, மனவுறுதி எங்கே போனது என்று கேட்கிறோம்.

ஆகவே மாலை கழற்றும் முன்பே, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க வேண்டும். மாலை ஆறு மணியை வெறுமையாக விடக்கூடாது. பஜனைக் குழு கிழமைக்கு இரண்டு நாளாவது தொடர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு மரக்கறித் தோட்டமோ பிள்ளைக்குப் பாடமோ வர வேண்டும். சம்பள நாள் தனி விஷயம். பத்தாம் திகதி கையில் முழுச் சம்பளத்தோடு தனியாக டவுனில் இறங்குவதுதான் வருடக் கணக்காகக் கட்டிய பாதை. சம்பளம் வங்கிக்குப் போகும் இடங்களில் அட்டையை வீட்டில் கொடுத்துவிடுவது சுலபமான வழி. கையில் வரும் இடங்களில் மனைவியோ மகனோ கூடப் போவது.

இதற்கு மேல் ஒரு வாக்கியத்தையும் தயார் செய்துகொள்ள வேண்டும். "இனிமேல் குடிக்கமாட்டேன்" என்பது தீர்மானம். அதற்கு நேரமும் இல்லை இடமும் இல்லை. "பஸ் ஸ்டாண்டில் அவன் கூப்பிட்டால், 'மருந்து குடிக்கிறேன் மச்சான்' என்று சொல்லிவிட்டு நேரே பஸ்ஸில் ஏறுவேன்" என்பது திட்டம். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற அமைப்பிலுள்ள இந்தத் திட்டங்களைப் பற்றி 2006இல் கோல்விட்சரும் ஷீரனும் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, வெறும் தீர்மானத்தைவிட இவை தெளிவாகவே அதிகம் பலிக்கின்றன என்று காட்டினார்கள். வாயால் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பது வெட்கமாக இருக்கும். அதையும் செய்ய வேண்டும்.

48 நாள் போதாதா என்றால், சிலருக்குப் போதும். லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக ஓடத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. அவர்கள் பழகியது தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்ற சின்ன விஷயங்கள். குடியை விடுவது அதைவிடப் பாரமானது. அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறியது பெரிய நட்டமில்லை. நட்டம் வருவது தவறிய பிறகு. "சத்தியம் முறிஞ்சாச்சு, இனி என்ன" என்று நினைக்கும்போது ஒரு நாள் ஒரு மாதமாகிறது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சத்தியம் முறிந்தால் ஆள் வெட்கத்தில் ஒளித்துக் குடிக்கத் தொடங்குவார்; ஒளித்துக் குடிப்பவரைத் தடுப்பது இன்னும் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட காலம் தினமும் நிறையக் குடித்தவர், அது சாராயமோ கசிப்போ, திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாதது தெரிவது, வலிப்பு வரை வரலாம். இது மனவுறுதிக் குறைவு அல்ல, உடம்பின் எதிர்விளைவு, உயிருக்கே ஆபத்தாகலாம். விரதமாக இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

ஐந்தில் வளையாதது

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பார்கள். சுபாவத்தைப் பற்றி என்றால் ஓரளவு சரி. ஆனால் ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த 92 ஆய்வுகளை 2006இல் பிரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பொறுப்பும் மன நிதானமும் வயதோடு கூடுவதே தெரிந்தது; அதிலும் 20க்கும் 40க்கும் இடையில்தான் மாற்றம் அதிகம். வேலை, கல்யாணம், பிள்ளை என்று தோளில் பாரம் ஏறும் காலம் அது. சாதாரண தரப் பரீட்சையில் தவறி, சந்தியில் நிற்கும் பதினேழு வயதுப் பையனைப் பார்த்து "இவன் இவ்வளவுதான்" என்று சொல்பவர் கணக்கு முடியும் முன்பே கோடு போடுகிறார். அவனுக்குப் பாரம் எதுவும் கொடுக்காமல் பொறுப்பு வரவில்லை என்பதும் நடக்கிறது. மரணச் சங்கத்தில் நாற்காலி, பாத்திரக் கணக்கு பார்க்கும் வேலையை அப்படிப்பட்ட ஒருவனுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். இழவு வீட்டில் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், குறைந்தால் பெரியவர்களிடம் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பைப் பற்றிய பத்து அறிவுரையைவிட இது மேல். முதல் தடவை இரண்டு நாற்காலி குறையும். அதோடு வேலையைப் பறித்துவிட்டால் சோதனை முடியவில்லை என்று அர்த்தம்.

நற்சான்றிதழ் எழுதும்போது

இதெல்லாம் எழுத்தில் வரும் இடம் ஒன்று உண்டு. கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆசிரியரோ, கோயில் தலைவரோ, சங்கத் தலைவரோ நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறார்கள். "இவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும், ஒழுக்கமானவர், நற்குணம் படைத்தவர்" என்று எல்லாருக்கும் ஒரே வாசகம். வாசிக்கும் முதலாளிக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. அவரும் படித்துவிட்டு மேசைக்குள் போட்டுவிடுகிறார்.

மூன்று விஷயம் எழுதினால் போதும்: என்ன வேலை, எவ்வளவு காலம், யார் சரிபார்த்தது. "இரண்டு வருடம் எங்கள் வாசிகசாலையைத் திறந்து மூடும் பொறுப்பில் இருந்தார். சாவி இவரிடம் இருந்தது. மாதக் கடைசியில் புத்தகங்களைச் செயலாளர் எண்ணினார். இரண்டு தடவை குறைந்தபோது தானே வந்து சொன்னார், ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார்." இப்படி நாலு வரி. குறைந்ததை எழுதலாமா என்று தயங்க வேண்டாம். தானே வந்து சொன்னார் என்பதுதான் அதில் கனமான வரி. கடைக்காரருக்கு அடுத்துத் தெரிய வேண்டியது காசுப் பெட்டி. அதில் இருந்த அனுபவம் இல்லையென்றால் அதையும் அப்படியே எழுதிவிடலாம்: "பணம் கையாளும் வேலை இவரிடம் இதுவரை கொடுக்கப்படவில்லை. அதனால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை." கீழே திகதி, கையெழுத்து, பேசக்கூடிய தொலைபேசி இலக்கம்.